அந்த இடத்தை மட்டும்

மரக்காணத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு உப்பளத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா சிடியோடு வந்தார். காலெல்லாம் வெடிப்பு. எதைத் தொடும் முன்பும் கையைப் புடவையில் துடைத்துக்கொள்வார். மகளின் காதுகுத்து வீடியோ. செத்துப்போன புருஷனின் குரல் அதில் மட்டும்தான் இருக்கிறதாம்.

என் பழைய லேப்டாப்பில் போட்டேன். படம் ஓடியது, சத்தம் வரவில்லை.

"சிடி வீணாப்போச்சும்மா, தூக்கிப் போடுங்க" என்று எரிந்து விழுந்தேன்.

"அந்த ஒயரைப் புடுங்கிப் பாரு தம்பி."

ஹெட்போன் ஒயர். கழற்றாமலே விட்டிருந்த முட்டாள் நான்தான். பிடுங்கினேன்.

"ஏய், கேமராவப் பாத்து சிரிடி!" என்றது ஓர் ஆண்குரல்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு திரையில் புருஷனின் முகத்தைத் தொட்டார். "போய்யா" என்று சிரித்தார். "அந்த எடத்த மட்டும் இன்னொரு தபா போடு தம்பி."

மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் பதில் சொன்னார்.

ஆதார் ஜெராக்ஸுக்கு நின்ற ஆள், "டைம் ஆவுதுப்பா" என்றார்.

"சும்மா நில்லுய்யா" என்று கத்திவிட்டு நான்காவது முறையும் போட்டேன்.