நான்கெல்லைக்குள் ஒரு மகள்

தாடிக்கொம்பில் நான் நிலம் வாங்கிய ஆண்டில், திண்டுக்கல் பத்திர ஆபீசின் எதிரே அமர்ந்து பத்திரம் எழுதும் ஒருவரைச் சந்தித்தேன். ஒடிசலான தேகம், இரு கண்களிலும் புரை படர்ந்திருந்தது. ஒவ்வொரு வரி முடிந்ததும் மைதொட்டு எழுதும் கட்டைப்பேனாவின் முனையைத் தலைமுடியில் துடைத்துக்கொள்வது அவரது வழக்கம்.

என் பத்திரம் முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டினார்.

"செத்த நேரம் இருந்து இதப் படிங்கய்யா. சின்ன வயசுல கதையா எழுதித் தள்ளுவேன். அப்புறம் முப்பது வருசமாப் பத்திரந்தேன். கண்ணு அவியறதுக்குள்ள, செத்துப்போன எம் மகளப் பத்தி எழுதிறணும்யா."

படித்தேன். மகளின் பெயர், தகப்பனார் பெயர், வயது பதினொன்று. "மேற்படியாள் விளையாடிய முற்றத்துக்கு நான்கெல்லையாவது: கிழக்கே மாட்டுக்கொட்டம், மேற்கே கிணறு..." அதற்குமேல் இல்லை. பக்கந்தோறும் அதே தொடக்கத்தை எழுதி எழுதி அடித்திருந்தார்.

"அவ சிரிப்பு வரமாட்டேங்குது, எல்லைதேன் வருது. ஒரு வழி சொல்லுங்கய்யா."

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். "கொட்டத்தில் என்ன மாடு நின்றது?" என்று மட்டும் வினவினேன்.

அவர் முகம் மலர்ந்தது. "செவலக் கன்னுக்குட்டி! அவதேன் அதுக்குப் பேரு வச்சா. கூப்பிட்டா ஓடியாரும்." பரபரவென்று பேனாவை மையில் தோய்த்தார்.

"என்ன பெயர்?" என்றேன்.

"பேரு..."

தாளுக்கு மேலே பேனா அப்படியே நின்றது. பத்திரத்துக்கு வந்த அடுத்த ஆள் செருமினார். ஒரு வரியும் எழுதாமலே, பத்திரம் எழுதுபவர் பேனா முனையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

என் நிலப் பத்திரத்தை எப்போது விரித்தாலும், எல்லை எழுதிய வரிகளை என்னால் படிக்க இயலுவதில்லை.