விமலாவின் மோட்டரும் நான் கட்டிய எலுமிச்சம்பழங்களும்

இந்த ஆண்டு தைப்பூசம் முடிந்த வாரத்தில் என் மனைவி விமலாவின் மோட்டர் ஓடும்போதே அணையத் தொடங்கியது. பழைய கப்சாய், அதாவது சின்ன ரக மோட்டர்சைக்கிள். லூனாஸிலிருந்து கூலிம் தொழிற்சாலைக்குக் காலை வேலைக்கு அவள் அதில்தான் போவாள். கிளம்பும்போது இருட்டு விலகியிருக்காது. செம்பனைக்காட்டுச் சாலையில் சக்கரம் ஒரு குழியில் இறங்கினால் போதும், விளக்கு, ஹாரன், இன்ஜின் மூன்றும் ஒரே நொடியில் போய்விடும். கைப்பிடியை ஆட்டினால் திரும்ப வரும்.

மூன்றும் சேர்ந்து போகிறதென்றால் கோளாறு மூன்றுக்கும் பொதுவான வயரில் இருக்க வேண்டும். இவ்வளவு எனக்குத் தெரியும். ஆனால் நான் கைப்பிடிக்குக் கீழுள்ள முன் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனேன்.

போன ஆயுத பூசையிலிருந்தே வலது பக்கக் கண்ணாடிக் காம்பில் முனீஸ்வரர் கோயில் எலுமிச்சம்பழம் ஒன்றை ஊசியால் கோத்துக் கட்டி வந்தேன். காய்ந்தது விழும், புதிதைக் கட்டுவேன். மோட்டர் அணையத் தொடங்கியதும் ஒன்று போதாது என்று தோன்றியது. பழையது இருக்க, மேலும் இரண்டைக் கட்டினேன்.

தீரவில்லை. லிம் என்பவரின் மோட்டர் கடைக்கு இருவரும் போனோம். அவர் எங்கள் ஊரில் வளர்ந்த சீனர், நம்மைப்போலவே தமிழ் பேசுவார். பேட்டரியைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஃபியூஸும் சரி. முன் மூடியைக் கழற்ற வந்தவர் பழங்களைக் கண்டு கையை எடுத்துக்கொண்டார்.

“அண்ணே, இது சாமி சாமான் லா. நான் தொடக்கூடாது. நீங்க அவுத்துக் குடுங்க, நான் உள்ள பாக்கிறேன்.”

“அதை அவுக்க வேணாம். வேற எங்கயாவது பாருங்க” என்றேன்.

“வேற எங்க பாக்கிறது? தண்ணி கிண்ணி பட்டுச்சா?”

“வாராவாரம் பைப்பு போட்டுக் கழுவுவேன்” என்றாள் விமலா.

அதை நான் பிடித்துக்கொண்டேன். “பாத்தீங்களா? மோட்டரு என்ன எருமை மாடா, வாரம் ஒருக்கா குளிப்பாட்ட? எத்தனை தடவ சொல்லிட்டேன். மண்டையில ஏறினாத்தானே.”

டயர் மாற்றக் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். “சோப்பு போட்டாங்களான்னு கேளுங்கண்ணே” என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். விமலா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். மோட்டரில் ஏறுவதற்கு முன்பே அதன் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டாள்.

அன்று மாலை முனீஸ்வரரிடம் நான் வேண்டியது இதுதான்: ‘ஐயா, இவளுக்குப் புத்தியைக் கொடு.’ எழுதவே கூசுகிறது.

அடுத்த வாரம் ஒரு வளைவில் மோட்டர் அணைந்தது. பின்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி. பின்விளக்கு இல்லாததால் ஓட்டுநருக்கு அவள் தெரியவில்லை. பக்கத்தில் வந்த பிறகுதான் கண்டு ஒடித்தார். விமலா மோட்டரோடு சாலையோரக் கால்வாயில் சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து மருந்து போட்டுக்கொண்டே சொன்னாள்: “அன்னையிலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி காட்டல. அப்பவும் அணையுது. இன்னும் என்னை என்னங்க செய்யச் சொல்றீங்க?”



அந்த வெள்ளிக்கிழமை மோட்டரைத் தள்ளிக்கொண்டே கோயிலுக்குப் போனேன். விமலாவும் வந்தாள். சன்னதியில் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. ‘ஐயா, கோளாறு எங்கே என்று காட்டு. இவள் உயிரோடு வீடு வரவேண்டும்.’ வேறெதுவும் கேட்கவில்லை.

பூசாரி பழம் கொடுத்தார். அதைக் கட்ட இடம் இல்லை. பழையவற்றை அவிழ்த்தேன். விரல் ஒட்டியது. ஊசி போன துளைகளிலிருந்து சாறு கசிந்து, காம்பு வழியே இறங்கி, மூடிக்குள் போயிருந்தது. பழுப்பு நிறத்தில் தடம் தெரிந்தது.

சீட்டுக்கு அடியிலிருந்த திருப்புளியால் மூடியைக் கழற்றினேன். சாவி சுவிட்சுக்குப் போகும் வயர்கள் சேரும் சாக்கெட் பச்சை பூத்திருந்தது. சிவப்பு வயரின் முனை அரித்து நூலாகியிருந்தது. சாவியைப் போட்டு விரலால் அசைத்தேன். விளக்கு வந்தது. விட்டேன், போனது.

சன்னதியில் கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதற்குள் காட்டிவிட்டார்.

“என்னங்க, தண்ணியா?” என்றாள் விமலா.

“இல்ல. எலுமிச்சம்பழம்.”

அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “கடையில அத்தனை பேரு முன்னால என்னைச் சொன்னீங்க இல்ல? இதையும் அங்கயே வந்து சொல்லுங்க.”

மறுநாள் சனிக்கிழமை. கடையில் கூட்டம். முனீஸ்வரரை நினைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: “லிம், இவ கழுவினதால கெடல. நான் கட்டின பழத்துச் சாறுதான் வயரைத் தின்னுடுச்சு. நீங்க அவுக்கச் சொன்னீங்க, நான்தான் விடல.”

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“இப்பத் தொடலாமா அண்ணே?” என்று கேட்டார் லிம். அரித்த முனையை வெட்டிப் புது சாக்கெட் போட்டார். அதன் பிறகு மோட்டர் ஒரு முறைகூட அணையவில்லை.

பழம் இப்போது ஐயாவின் காலடியில் இருக்கிறது. விமலாவைப் பற்றி அவரிடம் நான் குறை சொல்வதில்லை. கடையில் என்னோடு சிரித்தவர்களை வழியில் பார்த்தால் இன்றும் முகம் தாழ்ந்துவிடும். தாழட்டும். என் மனைவி தினமும் வீடு திரும்புகிறாள். நான் தப்பை அவள்மேல் போட்டுக்கொண்டிருந்த நாட்களிலும் அவளை விடாமல் காத்தவர் அவர்.

அன்பர்களே, உங்கள் வீட்டில் எது பழுதாகியிருந்தாலும் அவரிடம் கேளுங்கள். இன்னாரைத் திருத்து என்று கேட்காதீர்கள். எங்கே என்று மட்டும் கேளுங்கள். காட்டுவார். காட்டியது உங்களையே என்றாலும், யார் முன்னால் பழி போட்டீர்களோ அவர்கள் முன்னாலேயே போய்ச் சொல்லிவிடுங்கள். அதற்கான தைரியத்தையும் அவரே கொடுப்பார். எனக்குக் கொடுத்தார்.