கூடாரத்துக்குப் பக்கத்தில் வெட்டிய குழி

நனைந்த கன்வஸ் துணியும் மண்ணெண்ணெயும் கலந்த ஒரு வாடை, அந்தக் கோடைகாலம் முழுவதும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னறையை நிறைத்திருந்தது. அப்பா ஞாயிற்றுச் சந்தையில் பழைய கூடாரம் ஒன்றை வாங்கி வந்து சோபாவுக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்தார். தேம்ஸ் நதி ஒடுங்கி ஓடும் மேற்குப் பக்கத்தில் ஒரு பெரிய பூங்கா இருப்பதாகவும், ஆற்றங்கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்றும், பெட்ரோல் நிலையத்தில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் சொல்லியிருந்தார். பள்ளி விடுமுறையில் அங்கே போவதென்று அப்பா முடிவெடுத்துவிட்டார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில் பெரிய பையன்கள் கூடி நிற்பார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது "பாக்கி" என்று எங்கள் நிறத்தவரைத் திட்டும் சொல்லைக் கத்திக் கல்லெறிவார்கள்; ஒருமுறை என் தங்கையின் பின்னலைப் பிடித்து இழுத்து அவள் நெற்றியை மதிலில் மோதினார்கள். அப்பாவையும் பஸ்ஸிலிருந்து உதைத்து இறக்கியிருக்கிறார்கள். வெளியே வாங்கிய அடியை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவார். சோறு குழைந்துவிட்டதென்று கோப்பை பறக்கும், இடுப்புப் பெல்ட் கழலும். நான் வாய் திறவாத பிள்ளையாக வளர்ந்தது இப்படித்தான். ஆனால் அந்தப் பயணத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் அப்பா சிரிப்பார். அதற்காகவே நாங்களும் ஓயாமல் அதைப் பற்றிப் பேசினோம்.

"புட்டுக்குழல் இல்லாமல் நான் வரமாட்டன்," என்பார் அம்மா.

"கொண்டு வாரும், அம்மியையும் தலையிலை வைச்சுக் கொண்டு வாரும். வெள்ளைக்காரன் பாத்துப் படிக்கட்டும்," என்பார் அப்பா.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. முன்னறையில்தான் படுப்பார், ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். நித்திரையில் எழுந்து கட்டிலுக்கடியில் புகுந்துவிடுவார். அப்பாவுக்கு அது எரிச்சல். "இது வீடோ, மடமோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர், ஒருநாள் அம்மாவிடம் நேராகவே சொல்லிவிட்டார். "காம்பிங் முடிஞ்சு வந்த கையோடை உம்மடை தம்பியை வேறை அறை பாக்கச் சொல்லும்." அன்றிலிருந்து அம்மா புட்டுக்குழலைப் பற்றிப் பேசவில்லை. கணவரிடம் கெஞ்சவும் பயம், தம்பியிடம் சொல்லவும் மனமில்லை.

புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை, கூடாரத்தைப் பின்வளவில் அடித்துப் பார்க்கும்படி மாமாவிடம் சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போனார். மாமா அடித்து முடித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து அதன் பக்கத்தில் வெட்டத் தொடங்கினார். விமானங்கள் குண்டு போடுவதால் ஊரில் அப்போது வளவுக்கு வளவு "பங்கர்" என்ற பதுங்குகுழி வெட்டியிருந்தார்கள். வெளியே படுப்பதென்றால் முதலில் குழி என்பதுதான் மாமாவுக்குத் தெரிந்த ஒழுங்கு.

"நேராய் வெட்டினால் சரிவராது பிள்ளையள். 'ட' மாதிரி வளைக்க வேணும். ஒரு பக்கத்திலை விழுந்தாலும் மற்றப் பக்கத்து ஆக்கள் தப்புவினம்," என்றார், ஏதோ பாத்தி கட்டுவதைப் போல.

அப்பா திரும்பி வந்தபோது குழி மாமாவின் இடுப்பளவு இருந்தது.

"விசரா! பங்கரையும் பெட்டியிலை வைச்சோ கொண்டு வந்தனி? வீட்டுக்காரன் பாத்தால் எங்களை றோட்டிலை விடுவான்!" மாமாவை மேலே இழுத்து, கன்னத்தில் மாறி மாறி அறைந்தார். மாமாவின் உதடு வெடித்தது.

"அடியுங்கோ அத்தான். ஆனால் பிள்ளையளை வெளியிலை படுக்க வைக்கிறதெண்டால் குழி வேணும்."

"மூடடா அதை!"

மாமா மண்ணைத் திரும்பக் குழிக்குள் தள்ளத் தொடங்கினார். நாங்கள் பயத்தில் கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டோம். சத்தம் கேட்டுச் சந்தில் பையன்கள் கூடியிருக்க வேண்டும். மதிலுக்கு அப்பால் சிரிப்பும் ஊளையும் கேட்டன. முதல் போத்தல் கூடாரத்தின் கம்பியில் உடைந்தது. மாமா எங்கள் இருவரையும் தலைமயிரில் பிடித்து இழுத்துக் குழிக்குள் எறிந்தார். பிறகு சத்தம் கேட்டு ஓடிவந்த அம்மாவை இழுத்து விழுத்தினார். அடுத்து வந்த செங்கல்லில் கூடாரம் கிழிந்து சரிந்தது. இன்னொரு கல் அப்பாவின் நெற்றியைப் பிளக்க, அவரும் எங்கள் மேல் விழுந்தார். அவருடைய இரத்தம் என் கழுத்தில் சூடாக ஓடியது.

அப்பா கூடார முளை அடிக்கும் சுத்தியலைத் தேடி எடுத்துக்கொண்டு எழும்பினார். "ஒருத்தனையாவது கொல்லுறன்" என்று அவர் சொன்னது வெறும் பேச்சில்லை என்று எனக்குத் தெரிந்தது. அம்மா அவர் காலைப் பிடித்தார், அப்பா உதறித் தள்ளினார். அப்போது மாமா, பாதி மூடிய அந்தக் குழிக்குள்ளேயே, அப்பாவின் வாயில் ஓங்கிக் குத்தினார். அப்பா சரிந்ததும் அவர் மேல் ஏறிப் படுத்துக்கொண்டார். "தலையைத் தூக்காதேங்கோ, தலையைத் தூக்காதேங்கோ," என்று கற்கள் ஓயும்வரை அழுதபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

பொலிஸ் வந்தது. வந்தவர் உடைந்த போத்தல்களைவிட அந்தக் குழியைத்தான் கூட நேரம் பார்த்தார்.

மறுநாள் காலையில் மாமா தன் பையோடு வாசலில் நின்றார். நெற்றியில் தையலும் வீங்கிய வாயுமாக அப்பா எழுந்து வந்தார். "நில்லடா. ஆர் உன்னைப் போகச் சொன்னது?" அதைவிடப் பணிவாக அப்பா பேசி நான் கேட்டதில்லை. மாமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார்: "அக்கா, அத்தானுக்குக் கை நீட்டிப்போட்டன். இனி நான் இந்தப் படி ஏற ஏலாது."

லண்டனின் தெற்குப் பக்கம் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். நாங்கள் அந்த ஆற்றங்கரைக்குப் போகவேயில்லை. அதன் பிறகு அப்பா எங்களையும் அடிக்கவில்லை. ஏனென்று கேட்கும் தைரியம் எனக்கு இருந்ததில்லை.

இப்போது அந்தச் சந்துக்கு இரும்புக் கதவு போட்டிருக்கிறார்கள். கல்லெறிந்த பையன்களின் குடும்பங்கள் எங்கெங்கோ போய்விட்டன. பின்வளவு முழுவதும் சீமெந்து. அப்பாவும் காலமாகிவிட்டார். அம்மா மட்டும் அதே வீட்டில் இருக்கிறார். தீபாவளிக்கு மாமா ரயில் மாறி மாறி வருவார், ஒரு பை பழத்தோடு. நரைத்த மனிதர். "அவரே இல்லை, உள்ளை வாவன்ரா," என்று அம்மா ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார். "இருக்கட்டும் அக்கா," என்பார் மாமா. அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வெளியே வருவார். தூறல் விழுந்தாலும் இருவரும் வாசல் கேற்றடியில் நின்றே குடித்து முடிப்பார்கள்.