மீதி: இரண்டு கட்டை

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்குத் தோல் தொழிற்சாலையில் வைத்திருந்த பெயர் ஓணான். அவர் காதுபடவே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் தலையை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டிக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். எனக்கு அப்படி யாராவது பெயர் வைத்திருந்தால் கையை ஓங்கியிருப்பேன். அத்தானுக்கு அந்தச் சொரணையெல்லாம் கிடையாது.

பெயர் வந்த காரணம் அவருடைய லீவு. மற்றவர்கள் வெயில் காலத்தில் லீவு போட்டால் இவர் நல்ல குளிரில் நான்கு நாள் எழுதிக் கொடுப்பார். மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய், ஓடை ஓடுகிற ஒரு மலைச்சரிவில் இறங்கி, கல்லையும் விழுந்த மரக்கட்டையையும் ஒவ்வொன்றாகப் புரட்டி, அடியில் பாம்பு, பல்லி, தேரை எது கிடக்கிறது என்று பார்ப்பார். பிடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், படம்கூட எடுக்க மாட்டார். பார்த்ததை நோட்டில் எழுதிவிட்டுக் கல்லை இருந்த மாதிரியே திருப்பி வைத்துவிட்டு வருவார். பத்தொன்பது குளிர்காலம் இதே கூத்து.

"வெயில் காலத்துல கண்ணுல பட்டதும் ஓடிடும் மாப்ளே. குளிர்ல உடம்பு மரத்துப்போய்க் கிடக்கும். உத்துப் பாக்க விடும்" என்பார்.

"வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டேன். இப்பக் குடையுதுன்னா யார்கிட்டப் போய்ச் சொல்ல?" என்பாள் அக்கா. சொல்லிக்கொண்டே அவருடைய ரப்பர் பூட்ஸைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைப்பாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பார். தேதி, இடம், குளிர் எத்தனை டிகிரி, புரட்டியது எத்தனை, கண்டது என்ன. கடைசிக் கட்டத்துக்குப் பெயர் 'மீதி'. நேரம் இல்லாமல் புரட்டாமல் விட்ட கல், கட்டை எல்லாம் அதில் ஏறும். அடுத்த வருஷம் அங்கிருந்துதான் தொடங்குவார். தன் கண்ணால் பார்க்காத எதையும் 'கண்டது' கட்டத்தில் எழுத மாட்டார். ஒரு தடவை வால் மட்டும் தெரிந்து மறைந்ததற்கு 'வால்' என்று மட்டும் எழுதியிருந்தார்.

பத்தொன்பது வருஷமும் அவர் தேடிப் போனது ஒன்றே ஒன்றைத்தான். பார்க்கப் பல்லி மாதிரி இருக்குமாம், ஆனால் தவளைச் சாதியாம். கன்னங்கறுப்பு உடம்பில் மஞ்சள் புள்ளி. வெயில் காலம் முழுவதும் மண்ணுக்குள் ஆழத்தில் கிடந்துவிட்டு, குளிர்கால மழைக்குத்தான் மேலே வந்து ஈரக்கட்டைக்கு அடியில் படுக்குமாம். அதற்கு ஏதோ நீளமான பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. வாலுள்ள தவளை என்று நான் வைத்த பெயரே வீட்டில் நிலைத்துவிட்டது.

"தவளைக்கு வாலாம், கழுதைக்குக் கொம்பாம்" என்று கேலி செய்வேன். சிரிப்பார்.

தொழிற்சாலையில் அவருக்கு வேலை தோலைத் தரம் பிரிப்பது. வரிசையாக ட்யூப்லைட் எரிகிற நீண்ட மேஜை. பதப்படுத்திய தோலை அதில் விரித்து மெதுவாக இழுத்துக்கொண்டே பார்க்க வேண்டும். உண்ணி கடித்த தழும்பு, முள் கீறியது, கத்தி பட்ட ஓட்டை, எது இருந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். அத்தான் வட்டம் போட்ட இடத்தில் மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் கீறல் தெரியும். அப்படிப்பட்ட கண்.

போன வருஷம் அவர் கையால் போன மூன்று கட்டுகள் ஓட்டையோடு திரும்பி வந்தன. யாரும் திட்டவில்லை. மறுநாள் காலையில் அவரை அட்டைப்பெட்டி மடிக்கிற பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் அதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தே இருந்தாராம்.

கண் டாக்டரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம். ஓரங்கள் ஏற்கெனவே போய்விட்டன. குழாய் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம்.

"போனது திரும்பி வராது. இருக்கறதும் இன்னும் ஒரு வருஷம் நின்னா அதிர்ஷ்டம்" என்றார் டாக்டர்.

"இந்தக் குளிருக்கு நிக்குமா டாக்டர்?" என்று கேட்டார் அத்தான். டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஏனென்றால் அதற்கு முந்தைய மூன்று வருஷமும் அவர் என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். நான் சலவைக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். ஹோட்டல்களில் அழுக்குப் படுக்கைவிரிப்பை எடுத்து வெளுத்ததைக் கொடுப்பது என் வேலை. வேன் இருந்தால் சரிவின் அடிவரைக்கும் போய்விடலாம், பஸ்ஸுக்காகச் சீக்கிரம் இறங்க வேண்டாம், இரண்டு பேராகப் புரட்டலாம் என்றார். பாம்பென்றால் படையே நடுங்கும், நான் எம்மாத்திரம்? ஒரு வருஷம் பல்வலி என்றேன். ஒரு வருஷம் வேனுக்கு பிரேக் சரியில்லை என்றேன். மூன்றாவது வருஷம் என்ன சொன்னேன் என்றே மறந்துவிட்டது. அந்த மூன்று வருஷமும் அவருக்குக் கண் இருந்தது.

அந்தத் தடவை அக்காவே என்னிடம் வந்தாள்.

"டேய், நீதான் கூட்டிட்டுப் போற. பல்லுவலி, வயித்துவலின்னு எதாவது சொன்னே, செருப்பு பிஞ்சிடும்."

"போறேன்க்கா."

"அந்த மனுஷன் அதைப் பாத்துட்டு வரணும்டா. வெறுங்கண்ணோட கூட்டிட்டு வந்துடாதே."

இரண்டு மாதத்துக்கு முன்பே சமையலறை மேஜையில் திட்டம் போட ஆரம்பித்தோம். அவர் சொல்லச் சொல்ல நான் தடிப் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதினேன். ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி. மாற்று சாக்ஸ். வெப்பமானி. கையை நனைத்துக்கொள்ள ஒரு பாட்டில் தண்ணீர்.

"கையை எதுக்கு நனைக்கணும்?"

"அதுக்குத் தோல் ரொம்ப மெலிசு. காய்ஞ்ச கையால தொட்டா உரிஞ்சிடும். ஈரக் கையாலதான் தொடணும். தொடாம இருந்தா இன்னும் நல்லது."

"நான் தொடவா? நல்லாச் சொன்னீங்க போங்க. நான் கட்டையைத் தூக்கிட்டு ஓடற ஆளு."

"தூக்கறதுக்குக்கூட முறை இருக்குடா. உன் பக்கமா இழுத்துத் தூக்கு. அடியில பாம்பு இருந்தா அந்தப் பக்கமா ஓடட்டும்."

இப்படியே வாரக்கணக்கில் பேசினோம். வரைபடத்தை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு, போன வருஷத்து மீதியை விரலால் தேடுவார். ஓடையின் மேல்கரை முழுக்கப் பார்த்தாகிவிட்டது, கீழ்க்கரையில் பதினோரு கட்டை பாக்கி. ஒரு நாளைக்கு மூன்று என்று கணக்குப் போட்டோம். மழை பெய்த மறுநாள் போக வேண்டும் என்றார். மழை பெய்தது, லீவும் கிடைத்தது, முதலாளி வேனையும் கொடுத்தார். சோப்பு வாசனை அடிக்கிற வேனில் கிளம்பினோம்.

முதல் மூன்று நாளில் எட்டுக் கட்டை புரட்டினோம். கண்டது: தேரை இரண்டு, கயிறு மாதிரி சுருண்டு கிடந்த குட்டிப் பாம்பு ஒன்று. பாம்பைப் பார்த்து நான் ஓடையில் விழுந்தேன். அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தேரையைப் பார்க்க அவர் மண்டியிட்டு, தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிக் கண்ணின் அந்தக் குழாய்க்குள் அதைக் கொண்டுவரப் பாடுபட்டதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

நான்காம் நாள் பிசுபிசுவென்று தூறிக்கொண்டிருந்தது. மூன்று கட்டை மிச்சம். ஒன்பதாவது கட்டையை நான் இழுத்துத் தூக்கினேன். அடியில் கறுத்து அழுகிய இலையும், மஞ்சள் பூஞ்சை பிடித்த ஒரு பட்டைத் துண்டும் கிடந்தன. வேறு ஒரு மண்ணும் இல்லை. அக்கா சொன்னது காதில் ஒலித்தது. எனக்கு என்ன பிடித்ததோ தெரியவில்லை.

"அத்தான்! இருக்கு! வாங்க, வாங்க!"

அவர் தடுக்கி விழுந்து எழுந்து வந்தார். மண்டியிட்டார். மூச்சு வாங்கியது.

"எங்கடா?"

"இதோ, நேரா. கறுப்பு. மஞ்சள் புள்ளி. அசையாமப் படுத்திருக்கு."

வெகுநேரம் பார்த்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"முன்னங்கால் தெரியுதா? எத்தனை விரல்?"

"அஞ்சு அத்தான். குழந்தை கை மாதிரி அழகா இருக்கு."

தூறல் அவர் கழுத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"ஆமா, இருக்குடா" என்றார். "பாத்துட்டேன். கட்டையை இருந்த மாதிரியே வை. போலாம்."

மணி நாலுகூட ஆகவில்லை. இன்னும் ஒரு மணி நேர வெளிச்சம் பாக்கி. எனக்குக் குளிர் எலும்பில் ஏறியிருந்தது, வேலை முடிந்தது என்று வேனைக் கிளப்பினேன். வழியெல்லாம் சின்னதாகச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். "பாத்துட்டேன்" என்று அவர் சொன்னதும் அக்கா வாசலிலேயே அழுதாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

வெயில் காலம் முடிவதற்குள் அவருக்குப் பார்வை முழுதாகப் போய்விட்டது. வேலையும் போனது. நோட்டுகள் வீட்டில் கிடந்து என்ன பயன், கல்லூரியில் உயிரியல் நடத்துகிற அம்மாவிடம் கொடுத்துவிடு என்றார். போன மாதம் எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா மரியாதையாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கினார்.

"இது என்னங்க, முன்னங்கால்ல அஞ்சு விரல்னு எழுதியிருக்கார்?"

"ஆமாங்க, அஞ்சுதானே?"

"இந்தச் சாதிக்கு முன்னங்கால்ல நாலுதான். பின்னங்கால்லதான் அஞ்சு. இவ்வளவு வருஷம் எழுதினவருக்கு இது தெரியாம இருக்காதே."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். எழுத்து கோட்டைத் தாண்டி ஏறியும் இறங்கியும் ஓடியது. 'புரட்டியது: ஒன்பது. கண்டது: இல்லை. முன்னங்காலில் ஐந்து விரல் என்றான் மாப்பிள்ளை. மீதி: இரண்டு கட்டை.'

நோட்டைக் கொடுக்காமல் திரும்ப எடுத்துக்கொண்டு நேராக அவரிடம் போனேன். அட்டைப்பெட்டி மடிக்கிற பழக்கத்தில் ஒரு பழைய பேப்பரை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுக்கிட்டேதானே எழுந்து வந்தீங்க?" என்று கத்தினேன். "வெளிச்சம் இருந்துச்சே! இன்னும் ரெண்டு கட்டை இருந்துச்சே! டேய் புளுகா, அடுத்ததைப் புரட்டுடான்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"அவ்வளவு ஆசையாச் சொன்னே. அதுக்கப்புறம் புரட்டச் சொன்னா உன்னைப் பொய்யன்னு சொன்ன மாதிரி ஆயிருக்கும்."

"ஆனா என்ன? நான் பொய்யன்தானே!"

"விடு மாப்ளே. மீதின்னு எழுதிட்டேன்ல."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானில்லை, அவர்.

மறுபடியும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறோம். இந்தத் தடவை தனியாகப் போகப்போவது நான். வழியை அவர் ஒப்பிக்கிறார், நான் எழுதுகிறேன். பாம்புப் பயம் அப்படியேதான் இருக்கிறது. கீழ்க்கரை, வளைவைத் தாண்டி வலப்பக்கம், ஒன்றன் பின் ஒன்றாக அந்த இரண்டு கட்டை. என் பக்கமாக இழுத்துத் தூக்க வேண்டும். இருந்தால் விரலை எண்ணிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று மழை பெய்தது. நாளைக்குக் கிளம்புகிறேன். அந்த இரண்டு கட்டைக்கு அடியிலும் ஒன்றும் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேதான் பூட்ஸை எடுத்து வைத்திருக்கிறேன்.