கேட் கமராவில் நின்றவள்

என் வீட்டுக்கும் ராத்தா கட்டிய வீட்டுக்கும் இடையில் ஒரு மதில்தான். எங்கள் உம்மா தன் வளவை இரண்டாகப் பிரித்து, கிழக்குப் பாதியை மூத்தவளான ராத்தாவுக்கும் மேற்குப் பாதியை எனக்கும் எழுதித் தந்தார். கல்முனைக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். பெண்பிள்ளை பிறந்த வீட்டில் தொட்டில் கட்டுவதற்கு முன்பே கல்லும் மணலும் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆண்பிள்ளைகளை மட்டும் பெற்றவர்கள் காலை நீட்டிப் படுக்கலாம் என்று நான் சொன்னால் என் கணவர் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. எனக்கு இரண்டு மகள்கள், இருந்தது ஒரு வீடு.

ராத்தாவுக்கு ஒரே மகள். சுனாமி வந்த காலையில் அவளுக்கு ஆறு வயது. ராத்தா அவளைக் கையில் பிடித்துக்கொண்டு பெரிய வீதிப் பக்கம் ஓடியிருக்கிறார். தண்ணீர் இடுப்பளவு வந்தபோது கை பிடியில் இருந்தது. கழுத்தளவு வந்தபோது இல்லை. “வழுகிட்டு” என்ற ஒரு சொல்லுக்கு மேல் ராத்தா அதைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. ராத்தாவின் கணவர், எங்கள் மச்சான், பள்ளிவாசல் பள்ளிவாசலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், மூடியிருந்த துணிகளை விலக்கி விலக்கிப் பார்த்தார். மையத்து கிடைக்கவில்லை. இறந்தவருக்கான நாற்பதாம் நாள் கத்தம் ஓதவேண்டும் என்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தபோது, ராத்தா அடுப்பில் இருந்த சோற்றுப் பானையைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தார்.

“மௌத்தான புள்ளைக்கித்தான் கத்தம். என்ட புள்ள மௌத்தாகல்ல” என்றார்.

அந்த நாட்களில் ஒரு கதை ஊரெல்லாம் உலவியது. தண்ணீரில் மிதந்த பிள்ளைகளை யாரோ தூக்கிக்கொண்டு போய் வேறு ஊர்களில் வளர்க்கிறார்களாம். எனக்கு அது அன்றே பொய் என்று தெரியும். ஆனால் ராத்தாவின் வாயைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கணக்கைப் பிழையாகச் செய்தால் கரும்பலகையே அதிரக் கத்துகிற நான், இந்த ஒரு பிழைக் கணக்கை மட்டும் திருத்தாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வருடமே ராத்தா மகளுக்கு வீடு கட்டத் தொடங்கினார்.

“வயசு நிக்காதுதானே. வந்தா அவள எங்க இருத்துற?” என்று கேட்டார். மச்சான் மேசனைக் கூட்டிவந்தார். யுத்தம் நடந்த காலம். மணல் ஏற்றிய டிராக்டரைச் சோதனைச் சாவடியில் மறித்து, மணலுக்குள் கம்பியைக் குத்திக் குத்திப் பார்ப்பார்கள். சீமெந்து வருவதும் வராததும் அவர்கள் கையில் இருந்தது. சுவர் வருடத்துக்கு ஒரு முழம் ஏறியது. கடல் கண்ட ஊரில் யாரும் மெல்லிய சுவர் கட்டுவதில்லை. ராத்தா எல்லாவற்றையும் இரட்டிப்பாகப் போடச் சொன்னார். தூணுக்கு இரட்டைக் கம்பி, தளத்துக்கு இரட்டைக் கம்பி. யுத்தம் முடிந்த வருடம் பாதை திறந்தது. கொழும்பிலிருந்து டைல்ஸ் லொறியில் வந்து வாசலிலேயே இறங்கியது. மேல்மாடி எழும்பியது.

அதே காலத்தில் காணாமல்போனவர்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ராத்தா மகளின் படத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். நான்தான் கூடப் போனேன். தம்பிலுவிலில் இருந்தும் திருக்கோவிலில் இருந்தும் வந்த தாய்மார் மடியில் படங்களை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ராத்தாவின் முறை வந்தபோது, எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “இது யுத்தத்தில காணாமப் போனவங்களுக்கு அம்மா. உங்கடது கடல் கேஸ்” என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவருடைய பேனையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். பக்கத்தில் இருந்த தமிழ் அம்மா ஒருவர் வாங்கில் நகர்ந்து இடம்விட்டு, “இருங்க அக்கா. காணாமப் போனது காணாமப் போனதுதானே” என்றார். ராத்தா அவருக்குப் பக்கத்தில் பின்னேரம் வரை இருந்துவிட்டு வந்தார்.

மச்சான் மறுவருடம் மாரடைப்பில் போனார். ராத்தா வளவின் பின்புறத்தில் இருந்த பழைய குசினிக் கட்டடத்தில் தனியாக இருந்தார். முன்னால் இரண்டு மாடி வீடு ஆளில்லாமல் நின்றது. வெள்ளிக்கிழமை தோறும் கூட்டித் துடைப்பார். உள்ளே போய்ப் படுக்கமாட்டார்.

வருடங்கள் போயின. என் மூத்தவளுக்கு என் வீட்டைக் கொடுத்துக் கலியாணம் முடித்து, நாங்களும் அதிலேயே இருந்தோம். இளையவளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்று சொல்வார்களே, அதுதான். வந்த புரோக்கர் தேநீரை வாயில் வைப்பதற்கு முன்பே, “வீடு எப்படி டீச்சர்?” என்று கேட்டார். நான் ஜன்னலால் மதிலுக்கு அப்பால் பார்த்தேன். “வீட்டுக்குக் குறை வராது” என்றேன். அவரும் ஜன்னலால் பார்த்தார். அதற்குமேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இதற்கிடையில் ஆளில்லாத வீட்டில் களவு நடந்தது. குளியலறைக் குழாய்களையும் தண்ணீர் மோட்டாரையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டாரில் வேலைசெய்த என் மருமகன் லீவில் வரும்போது வயர் இல்லாத கமரா மூன்று கொண்டுவந்தார். ஒன்றைக் கேட்டிலும் ஒன்றை முன் விறாந்தையிலும் ஒன்றைப் பின்புறத்திலும் பூட்டினார். என் வீட்டு வைஃபையில் அவற்றை இணைத்து, ராத்தாவின் ஃபோனிலும் என் ஃபோனிலும் படம் வரச் செய்துவிட்டுத் திரும்பிப் போனார்.

படம் வந்தால்தானே. விறாந்தைக் கமரா இருமல்காரன் போல விட்டுவிட்டு வேலைசெய்தது. கேட் கமரா ஒரு நிமிடம் ஓடும், பிறகு உறைந்து நிற்கும், பிறகு சதுரம் சதுரமாக உடையும். ஆனாலும் ராத்தா ஃபோனைக் கீழே வைக்கமாட்டார். பின்னேரம் அஸர் தொழுத கையோடு அதைத் திறந்துகொண்டு உட்காருவார். கள்ளனைப் பிடிக்கத்தான் இவ்வளவு பாடு என்று நான் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் ராத்தா செருப்பில்லாமல் என் வீட்டுக்கு ஓடிவந்தார். ஃபோனில் பதிவான துண்டைக் காட்டினார். கறுப்பு அபாயா போட்ட ஒரு பிள்ளை கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். தலையை உயர்த்தி மேல்மாடியைப் பார்க்கிறாள். இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி நடக்கிறாள். முகத்தைக் கமராப் பக்கம் திருப்பும்போது படம் உடைந்துபோனது. திரும்ப வந்தபோது வெறும் தெருதான் இருந்தது.

“நடையப் பாருகா. அவளேதான்” என்றார் ராத்தா.

“ராத்தா, தெருவால போற ஆராவது…”

“தெருவால போறவள் என்னத்துக்கு வீட்டப் பாத்துக்கிட்டு நிக்கிற? அவளுக்கு இடம் ஞாபகம் இரிக்கி. வந்தாள். கேட்டப் பூட்டி வெச்சிரிக்கம், போயிட்டாள்.” என் கையைப் பிடித்தார். “இன்னொருக்கா வருவாள். முகம் தெரியோணும் தங்கச்சி. இடது புருவத்தில வெட்டுக் காயம் இரிக்கி, படியில விழுந்தது. அது தெரிஞ்சாப் போதும். நீ படிச்சவள். இதச் சரியாக்கித் தா.”

சரியாக்குகிறேன் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்பதை இப்போது மறைக்கப் போவதில்லை. ராத்தாவுக்காகவும்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் முகம் ஒரு தரம் தெளிவாகத் தெரிந்துவிட்டால், புருவத்தில் காயம் இல்லை என்று ராத்தாவே கண்ணால் கண்டுவிட்டால், இந்தக் காத்திருப்பு முடியும் என்று நினைத்தேன். காத்திருப்பு முடிந்தால் வீடும் வெறுமையாக நிற்காது என்று நினைத்தேன்.

முதலில் ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு, எங்கே சிக்னல் குறைகிறது என்று வளவெல்லாம் நடந்து பார்த்தேன். பிழை என் வீட்டிலேயே இருந்தது. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையில் காணி உறுதி, அடையாள அட்டை, நகை, பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மேல்மாடி அலுமாரியின் மேல்தட்டில்தான் இருக்கும். தண்ணீர் ஏறாத இடம். புதிதாக ஒரு பெறுமதியான பொருள் வந்தால் அதுவும் தானாக அங்கேதான் போகும். ரௌட்டரையும் அங்கேதான் வைத்திருந்தோம், இரும்பு அலுமாரிக்குள், உறுதிக் கோப்புக்குப் பக்கத்தில். கதவு சாத்த முடியாமல் வயர் மட்டும் வெளியே தொங்கியது. ஒரு கணித ஆசிரியை நான். இரும்புப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வெளியே சிக்னல் இல்லை என்று இத்தனை நாள் ஏசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதைக் கீழே இறக்கப் போனபோது என் கணவர் தடுத்தார். “தண்ணி வந்தா?”

“தண்ணி வந்தா ரௌட்டரயா தேடப்போறீங்க?” என்று கேட்டேன். அவர் விலகிக்கொண்டார்.

கீழே, மதிலைப் பார்த்த ஜன்னலில் வைத்தேன். விறாந்தைக் கமரா சரியானது. கேட் கமரா அசையவில்லை. நடுவில் நின்றது ராத்தாவின் இரட்டைக் கம்பிச் சுவர். சிக்னலைப் பிடித்து மறுபடி அனுப்புகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கல்முனையில் வாங்கிவந்து, கேட் கமராவுக்குப் பக்கத்திலேயே பூட்டினேன். அது இன்னொரு மடத்தனம். பிடிப்பதற்கே அங்கே சிக்னல் இல்லாதபோது அது எதை அனுப்பும்? பிறகு பாதிவழியில், மதில் ஓரமாக வைத்தேன். கொஞ்சம் தேறியது, மழை பெய்தால் விழுந்தது. கடைசியில் நெட் வயரையே பைப்புக்குள் விட்டு, மதிலுக்கு மேலால் கொண்டுபோய், ராத்தாவின் வீட்டுக்குள்ளேயே இன்னொரு வைஃபைப் பெட்டி வைப்பது என்று முடிவுசெய்தேன்.

கேட்டுக்கு நேரே இருந்தது மேல்மாடி அறைதான். ராத்தா திறந்துவிட்டார். நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை. கட்டில், கண்ணாடி மேசை, அலுமாரி. எல்லாம் வந்த பொலித்தீன் பிரிக்காமல் இருந்தன. அலுமாரிக்குள் உடுப்புகள் அடுக்கியிருந்தன, ஏழு வயதுக்கு ஒன்று, எட்டு வயதுக்கு ஒன்று என்று, ஒவ்வொரு பெருநாளுக்கும் எடுத்தவை. கடைசியாக மடித்து வைத்திருந்தது பெரிய பெண்ணின் சேலை. நான் பெட்டியை ஜன்னல் ஓரத்தில் வைத்து, கரண்டைப் போட்டு, ஃபோனைப் பார்த்தேன். தெருவில் ஓடிய பூனையின் மீசை தெரிந்தது. ராத்தா என் நெற்றியில் முத்தமிட்டார். எனக்கு வாய்விட்டு அழவேண்டும் போல இருந்தது.

பதினோராம் நாள் அந்தப் பிள்ளை வந்தாள். ராத்தா அப்போது என் வீட்டில்தான் இருந்தார். இருவரும் ஒரே ஃபோனைப் பார்த்தோம். அதே அபாயா. கேட் கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். படம் உடையவில்லை, உறையவில்லை. ராத்தா கமராவில் கதைக்கிற பொத்தானை அமர்த்தினார்.

“ஆருட மகள் நீங்க?”

அவள் திடுக்கிட்டு, குரல் வந்த கமராவை நேராக நிமிர்ந்து பார்த்தாள். வட்ட முகம். இரண்டு புருவமும் முழுசாக இருந்தன. ராத்தா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இடது புருவத்தைப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

“மன்னிச்சிக்கங்க மாமி” என்றாள் அந்தப் பிள்ளை. “நாங்க மருதமுனை. என்ட கூடப்பொறந்த காக்காவுக்குக் கலியாணம் பேசுறாங்க. பக்கத்து வீட்டு டீச்சர்ர சின்ன மகளத்தான். பொண்ணுக்குக் குடுக்கிற வீடு இதுதான் எண்டு புரோக்கர் சொன்னாரு. உம்மா வெளியால பாத்துட்டு வரச் சொன்னாங்க.”

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேச்சு முற்றாவதற்கு முன் ஒரு தரம் வந்து வீட்டை மறைவாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஊர் முழுக்க அறிந்த வழக்கம். நானும் என் தம்பிக்காக அப்படிப் போயிருக்கிறேன். அந்தப் பிள்ளையைக் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான்.

ராத்தா என்னைப் பார்க்கவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசியிருக்கலாம். ஃபோனை என் முகத்தில் எறிந்திருக்கலாம். அதற்காகவே நான் காத்திருந்தேன். அவர் மறுபடி பொத்தானை அமர்த்தினார்.

“ஓம் மகள். அந்த வீடுதான். நில்லுங்க, துறப்ப எடுத்துக்கிட்டு வாறன். வெளியால பாத்தா என்ன விளங்கும், உள்ளுக்கு வந்து பாருங்க.”

எழுந்தார். சேலைத் தலைப்பைத் தலையில் சரிசெய்துகொண்டார். வாசல்வரை போய் நின்று, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“மேல் அறையில உடுப்புகள் இரிக்கி. அதுகள எங்க வெக்கிற?”

“இஞ்ச கொண்டுவாங்க ராத்தா” என்றேன். வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.