பழைய மெஷினும் புதுப் பெட்டியும்

கடையில் அவளுக்குப் பெயர் பிசிறக்கா. துணியில் ஒரு நூல் பிசிறு நீட்டிக்கொண்டிருந்தால் போதும், அவளுக்கு இருப்புக் கொள்ளாது. லிப்டில் முன்னால் நிற்பவரின் காலரில் தொங்கும் நூலுக்குக்கூடக் கை தானாகப் போய்விடும். அதற்காக இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறாள். திருந்தினாளா என்றால் இல்லை.

வெளிநாட்டில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் கீழ்த்தளம். வாங்கிய உடையை ஆளுக்கு ஏற்றபடி பிடித்தும் விட்டும் தைத்துக் கொடுக்கிற கடை. ஜன்னல் கிடையாது. எட்டு வருஷம் அங்கே ஒரே நாற்காலி, ஒரே மெஷின். கிளம்பிப் போனபோது மகளுக்கு நாலு வயது, இப்போது பன்னிரண்டு. நடுவில் ஊருக்கு வந்தது இரண்டே லீவில்.

இந்தத் தடவை ஒரேயடியாகத் திரும்புகிறாள். வேலையை விட்டு நின்ற அன்று முதலாளியம்மா, "உன் மெஷினை நீயே எடுத்துட்டுப் போம்மா. அது வேற யாருக்கும் படியாது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். மேஜையும் மோட்டாரும் ஊரில் வாங்கிக்கொள்ளலாம். தையல் நடக்கிற தலைப்பாகம் மட்டும் வந்து சேர்ந்தால் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தே பிழைத்துவிடலாம். சேராவிட்டால் வேறு வழியில்லை. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கணவனால் லாரி ஓட்ட முடியவில்லை. மாதக் கடைசிக்குள் ஒரு வார்த்தை சொன்னால் பழைய வேலைக்கே திரும்ப டிக்கெட் போட்டுத் தருவதாக ஏஜென்ட் ஏற்கெனவே தூண்டில் போட்டு வைத்திருந்தான்.

இந்த லட்சணத்தில் அவள் ஒரு காரியம் செய்தாள். பாதிக் காரணம் நாத்தனார். "அண்ணி, இத்தனை வருஷம் கழிச்சு வர்றீங்க. எவனோ தூக்கிப் போட்ட ஓட்டை மெஷினோட வந்து நிக்காதீங்க, நாலு பேர் சிரிப்பாங்க" என்று போனிலேயே ஊசி ஏற்றியிருந்தாள். மீதிக் காரணம் தொழில்புத்தி. தைத்து முடித்த எதையும் பிசிறு நறுக்கி, இஸ்திரி போட்டு, மடித்து, கவரில் வைக்காமல் அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. ஆகவே நாலு சாயங்காலம் உட்கார்ந்து மெஷினைக் கழற்றித் துடைத்தாள். பெயின்ட் உதிர்ந்த இடமெல்லாம் பூசினாள். ஊசிக்கு அடியில் இருக்கும் தகட்டையும் துணியை அமுக்கும் காலையும் புதிதாக மாற்றினாள். பக்கத்து மெஷின் கடைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, தெர்மோகோலோடு ஒரு புத்தம்புதுக் காலிப் பெட்டியும் வாங்கி அதற்குள் வைத்துக் கட்டினாள். பார்த்தவர்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள், அப்படி இருந்தது.

விமான நிலையத்தில் படிவத்தை அவள் உண்மையாகத்தான் நிரப்பினாள். 'தையல் மெஷின் தலை, ஒன்று, உபயோகித்தது.' பக்கத்து சீட்டில் வந்தவர், "பச்சை வழியா நைசா நடந்துடுங்க, ஆயிரத்துல ஒருத்தரைத்தான் பிடிப்பாங்க" என்றார். அவள் கேட்கவில்லை. டிராலியைத் தள்ளிக்கொண்டு, சொல்ல வேண்டியது இருப்பவர்களுக்கான சிவப்பு வழியில் தானாகவே போய் நின்றாள்.

சுங்க அதிகாரி மூக்குக் கண்ணாடியை இறக்கிப் படிவத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"பழசுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார்."

"பெட்டியில விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?"

"பெட்டிதான் சார் புதுசு. உள்ள இருக்கறது பழசு, எட்டு வருஷம் நான் தைச்சது."

"புதுசைப் பழசுன்னு சொல்றவங்களைத் தினமும் பார்க்கறேன். பழசைப் புதுசு மாதிரி ஜோடிச்சுக் கொண்டு வர்றவங்களை இன்னும் பார்க்கலம்மா."

வீட்டு விவகாரத்தை அரசாங்கத்திடம் எந்த வாயால் சொல்வது? நாத்தனாருக்காகப் போட்ட வேஷத்தைச் சுங்கம் நம்பித் தொலைத்துவிட்டது.

பெட்டியைப் பிரித்தார்கள். அதிகாரி டார்ச் அடித்து ஊசித் தகட்டைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பில் கேட்டார், இல்லை. கொடுத்தவரிடமிருந்து ஒரு கடிதம்? அதுவும் இல்லை. கடைக்குப் போன் போட்டாள். வார விடுமுறை, யாரும் எடுக்கவில்லை. அவர் விதியை நிதானமாகச் சொன்னார். தொழிலுக்கு உபயோகித்த பழைய கருவி என்றால் வரியில்லை. புதுசு என்றால் ஸ்டிக்கர் விலைக்கு வரி, கட்டும்வரை பொருள் சுங்கக் கிடங்கில் இருக்கும். அந்த வரியைக் கட்டினால் மோட்டாரும் மேஜையும் வாங்கக் கையில் எதுவும் மிஞ்சாது. கட்டாவிட்டால் மெஷினே இல்லை. எப்படிப் பார்த்தாலும் மறுபடி அந்த ஜன்னலில்லாத கடைதான்.

"முகத்தைப் பார்த்துப் பேசுங்கம்மா. அங்க என்ன பார்த்துட்டு இருக்கீங்க?"

"சார், உங்க கைப்பட்டன்... ஒத்தை நூல்ல நிக்குது."

அவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "அதை நான் பார்த்துக்கறேன். எட்டு வருஷம் தைச்சது இந்த மெஷின்லதான்னு நான் எதை வச்சு நம்பறது? அதைச் சொல்லுங்க."

அவள் கைக்கு ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் நூல்கண்டை எடுத்து மெஷினில் கோக்க ஆரம்பித்தாள். கண்ணால் பார்க்கவே இல்லை. நூல் மேலே போனது, கீழே இறங்கியது, ஊசிக்குச் சற்று மேலே இருக்கும் இரும்புக் கொக்கிக்கு வந்ததும் தானாக ஓரிடத்தில் விழுந்து உட்கார்ந்தது. அவள் விரல் நின்றது.

"சார், லைட்டை இங்க அடிங்க."

கொக்கியின் உள்வளைவில், துடைக்கிற துணி எட்டாத இடத்தில், மெல்லிய பள்ளம் ஒன்று. அதிகாரி நகத்தை வைத்துப் பார்த்தார்.

"இது என்ன, ஏதோ அறுத்த மாதிரி இருக்கு?"

"நூல் சார்."

"நூலா? இரும்பையா?"

"ஒரே இடத்துல நாள் முழுக்க ஓடினா அறுத்துடும் சார். புது மெஷின்ல இந்தத் தடம் இருக்காது. நீங்களே இழுத்துப் பாருங்க."

அவர் நூலை இழுத்தார். விலக்கிவிட்டு மறுபடி இழுத்தார். எப்படி இழுத்தாலும் அது அந்தப் பள்ளத்துக்கே போனது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"இவ்வளவு ஆழமா விழ எத்தனை நாள் ஆகும்?"

"நாளா சார்? எனக்கு எட்டு வருஷம்" என்றாள். நூல் அறுந்து தொலைக்கிறதே என்று அந்தப் பள்ளத்தைத் திட்டியிருக்கிறாளே தவிர, இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை. மகளுக்குப் பல் விழுந்து முளைத்தது, எழுதப் படிக்கக் கற்றது, அம்மை போட்டுப் படுத்துக் கிடந்தது எல்லாம் அந்த நூல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் நடந்திருக்கிறது. ஒன்றுக்கும் அவள் கூட இல்லை. கவுன்டரில் நின்றபடியே அழுதாள். அதிகாரி படிவத்தில் கையெழுத்துப் போடுவதில் மும்முரமாக இருந்தார், அல்லது இருப்பதுபோல் காட்டிக்கொண்டார். வாசலில் இன்னொருவர் நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாதென்று பெட்டியின் மேல் தடித்த பேனாவால் 'பழசு' என்று எழுதி அனுப்பினார்.

வெளியே நாத்தனார் கண்ணில் முதலில் பட்டது அதுதான். "என்ன அண்ணி, கொட்டை எழுத்துல பழசுன்னு எழுதியிருக்கு?"

"பழசுதான். நான் தைச்ச மெஷின்" என்றாள். எவ்வளவு சுலபமாகச் சொல்ல முடிந்தது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. கணவன் காலை இழுத்து இழுத்து வந்து டிராலியை வாங்கிக்கொண்டான்.

மகள் இரண்டடி தள்ளி நின்றாள். தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தாள். அப்பாவையும் அத்தையையும் நீ, வா, போ என்று பேசுகிற பெண், அவளிடம் மட்டும் மரியாதை போட்டுப் பேசினாள்.

"எத்தனை நாள் இருப்பீங்க?"

"இனிமே போகலடா."

"போன தடவையும் இதேதான் சொன்னீங்க. நான் ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள கிளம்பிட்டீங்க."

பொய் இல்லை. அழுகையைப் பார்க்கத் தைரியமில்லாமல் அவள் அப்படித்தான் செய்தாள்.

மகள் கையை நீட்டினாள். "அப்போ பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"பெத்தவகிட்ட பேசற பேச்சா இது?" என்று நாத்தனார் அதட்டினாள். பிசிறக்கா அதைக் காதில் வாங்காமல் கைப்பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தாள்.

மகள் அதைப் பிரித்துப் படத்தையும் அம்மாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அதன் பிறகுதான் பக்கத்தில் வந்தாள்.

"வாம்மா, போலாம்" என்றாள்.