ஜோதி எழுத்து

ஆயுத பூஜை அன்று காலை பதினொன்றரைக்கு ஜோதிலட்சுமி, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த தீனதயாளனின் பிளான் ஆபீஸை விட்டு இறங்கினாள். பதினோரு வருஷம் ஏறி இறங்கிய படிகள். கையில் டிபன் பாக்ஸ் மட்டும் இருந்தது. பொரி பொட்டலத்தையும் ஒரு கவரையும் மேஜைமேலேயே வைத்துவிட்டாள். கம்ப்யூட்டரின் நெற்றியில் அவள் வைத்த குங்குமம் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

சிறுசேரியில் ஒரு பெரிய கட்டட வடிவமைப்பு கம்பெனியில் அவளுக்கு வேலை வருவது போல இருந்தது. அனுபவச் சான்று மட்டும் கேட்டார்கள். ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்தது. கடைசியில் பூஜை முடிந்து, பொரி கொடுத்த கையோடு தீனதயாளன் ஒரு கவரை நீட்டினார். அங்கேயே பிரித்தாள். 'பதினோரு ஆண்டுகள் தட்டச்சராகப் பணியாற்றினார்.'

"சார், தட்டச்சர்னு போட்டுகீறீங்க."

"வேற இன்னா போடணும்? நீ எழுத்துதானே அடிச்ச? அதுக்குப் பேரு டைப்பிஸ்ட்டு."

"பிளான்லாம் யார் சார் போட்டா?"

"லைசென்ஸ் யார் பேர்ல கீது? அத்தச் சொல்லு மொதல்ல."

புதிதாகச் சேர்ந்த மணி பொரியை மென்றபடியே, "அக்கா மதுராந்தகத்துல கல்யாணப் பத்திரிகை அடிச்சுகினு இருந்தவங்கதானே சார்?" என்றான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அது பொய்யில்லை. அதனால்தான் சுட்டது. அச்சகத்தில் பத்திரிகைக்கு எழுத்து கோத்துக்கொண்டிருந்தவளை, பிளானில் எழுத்து போடத்தான் தீனதயாளன் கூட்டிக்கொண்டு வந்தார். கோடு போட அவளாகவே கற்றுக்கொண்டாள். மூன்றாம் வருஷத்திலிருந்து ஆபீஸை விட்டுப் போன பிளானில் எல்லாம் கோடும் அவளுடையதுதான், எழுத்தும் அவளுடையதுதான். கையெழுத்து மட்டும் அவருடையது.

எழுத்து சும்மா வந்துவிடவில்லை. அவள் சேர்ந்த புதிதில் மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு விடுதி கட்டினார்கள். குளியலறை அகலம் ஐந்தடி மூன்று அங்குலம். ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்து, அதையும் ஜெராக்ஸ் எடுத்து மேஸ்திரி ஆபிரகாமின் கைக்கு வந்தபோது மூன்று எட்டாகிவிட்டது. எழுந்த சுவரை இடிக்க வேண்டியதாயிற்று. சைட்டில் நின்று தீனதயாளன் கத்தினார். ஆபிரகாம் தாளை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, "எறும்புக்கு எழுதிகீறியா சார், எனக்கு எழுதிகீறியா?" என்றார்.

அதன்பிறகு ஜோதிலட்சுமி கம்ப்யூட்டரில் எழுத்து அமைப்பைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தாள். எந்த எழுத்துரு, எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம். முழு வீட்டின் பிளானானாலும் ஒரு குளியலறையின் விவரமானாலும் தாளில் எழுத்து மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன அறைக்குள் அடங்கவில்லை என்று எழுத்தை நெருக்கிப் பிழியக் கூடாது. 'குளியலறை' அடங்காவிட்டால் 'குளியல்' என்று எழுதிக்கொள்ளலாம். குறிப்புகள் தமிழில் இருக்க வேண்டும். மதுராந்தகம் அச்சகத்தின் பழைய தமிழ் எழுத்துருவைக் கொண்டுவந்து ஏற்றினாள். ஒவ்வொரு தடவையும் பிரின்ட் எடுத்து, கீழ்க் கடையில் மூன்று முறை ஜெராக்ஸ் போட்டு, கண் கூசும் கடற்கரை வெயிலில் ஆபிரகாமைப் படிக்கச் சொன்னாள். அவர் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு தடங்கலில்லாமல் படித்த அன்றுதான் விட்டாள்.

அமைப்புக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது கம்ப்யூட்டர். அதிகம் யோசிக்கவில்லை. 'ஜோதி' என்று அடித்தாள்.

சிறுசேரியில் ஆள் எடுக்கிற வசுமதி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லெட்டர் இல்லன்னா ஃபிரெஷர்தான். ஆறு மாசத்துக்குள்ள குடுத்தா மாத்துவோம். அதுக்கு மேல கேக்காதீங்க." முப்பத்தாறு வயதில், பொத்தேரி காலேஜிலிருந்து நேரே வந்த பிள்ளைகளோடு பயிற்சி வரிசையில் உட்கார்ந்தாள். அதுகள் அவளை ஆன்ட்டி என்றன. கதவு அளவைத் தப்பாகப் போட்டுவிட்டு அவளிடமே திருத்தி வாங்கிக்கொண்டன. சம்பளமும் பதவியும் அதுகளுக்கு இருந்ததுதான் அவளுக்கும். காலண்டரில் ஆறு மாதம் முடிகிற ஏப்ரல் பத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்தாள். மேஜைமேல் விட்டு வந்த 'தட்டச்சர்' கடிதத்தை எடுக்க மட்டும் அவள் திரும்பிப் போகவில்லை.

டிசம்பரில் ஆபிரகாம் போன் செய்தார்.

"ஜோதிம்மா, இன்னாம்மா இது அக்குறும்பு? பழைய விடுதிக்கு மேல மாடி எடுக்கச் சொல்ட்டாங்க. பிளான் வாங்கினா ஒரே இங்கிலீஷ் எழுத்தா கீது. என் பேத்தியாண்ட காட்னேன், இது இங்கிலீஷே இல்ல தாத்தான்றா."

"எங்க மேஸ்திரி, தமிழ் எழுதின எடத்துலயா?"

"அங்கதான். உன் கம்ப்யூட்டர பூஜைக்கு மறுநாளே தொடச்சு கழுவிட்டானாம் மணி. அவ சங்காத்தமே வாணாம்னு அந்த தீனதயாளன் சொன்னாராம்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பழைய எழுத்துருவில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும். எழுத்துரு போய்விட்டால் தமிழ் இறங்கிவிடும், முதுகு மட்டும் மிஞ்சும். ஒரு பிளான் இல்லை, பதினோரு வருஷத்துப் பிளான் அத்தனையும் இப்போது அப்படித்தான் இருக்கும்.

"இன்னொரு கூத்து கேளு. உன் பேரு மட்டும் போவலியாம். எந்த பிளான தொறந்தாலும் எழுத்து அமைப்புக்கு பேரு ஜோதி ஜோதின்னு வந்து நிக்குதாம். அழிக்கப் போனா, உபயோகத்துல கீது, அழிக்க முடியாதுன்னு சொல்லுதாம். அந்த ஆளு மணிய காச்சு காச்சுன்னு காச்சறாரு."

பூஜை நாளுக்குப் பிறகு முதல்முறையாக ஜோதிலட்சுமி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்த எழுத்து உன்னாண்ட கீதாம்மா?"

"கீது."

"அனுப்பேன்."

"இப்ப உங்க கையில கீற பிளான மட்டும் நானே எழுதித் தரேன் மேஸ்திரி. சுவரு தப்பா ஏறக் கூடாது. எழுத்து வேணும்னா அவரு கேக்கட்டும். டைப்பிஸ்டாண்ட கேக்க வெக்கமா இருந்தா, கேக்க வேணாம்."

"அவரு திமிரு புடிச்ச ஆளும்மா."

"எனக்கும் இப்ப புடிச்சுகீது மேஸ்திரி. சொல்லுங்க அவராண்ட."

அவர் கேட்கவில்லை. மணி ஒவ்வொரு பிளானாகத் திறந்து, எது சமையல் எது பூஜை அறை என்று குத்துமதிப்பாகத் தட்டிக்கொண்டிருப்பதாகச் சேதி வந்தது. ஒரு வீட்டில் பூஜை அறை இருக்க வேண்டிய இடத்தில் கக்கூஸ் என்று போட்டுக் கொடுத்து, வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் நின்று வாயில் வந்தபடி ஏசினாராம். ஜனவரி போயிற்று. பொங்கலுக்கு அவள் வாழ்த்து அனுப்பவில்லை, அவரும் அனுப்பவில்லை. மார்ச்சும் போயிற்று. வசுமதி ஒரு மெயில் அனுப்பினாள்: நினைவூட்டல், கடைசி நாள் பத்து. ஜோதிலட்சுமி அதைப் படித்தாள். போனை எடுத்து தீனதயாளனின் நம்பரைப் பார்த்தாள். திரும்ப வைத்துவிட்டாள்.

ஏப்ரல் ஒன்பது, மதியம் சாப்பாட்டு நேரத்தில் போன் அதிர்ந்தது. தீனதயாளன். முதலில் ஒரு போட்டோ: லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து. 'பதினோரு ஆண்டுகள் வரைவாளராகப் பணியாற்றினார். இவ்வலுவலக வரைபடங்களின் எழுத்தமைப்பை உருவாக்கியவர் இவரே.' அதற்குக் கீழே அவர் அடித்திருந்தார்:

"என் தலையெழுத்து. போதுமா? அந்த எழுத்த அனுப்பு. அனுப்பிட்டு என் நம்பர அழிச்சுடு. அதுவாச்சும் அழியுதான்னு பாப்போம்."